மெதுவாகப் போகிற காதல் நாவல் சலித்தால் குறை யாருடையது?

ஒரு வாசகர் கேட்டிருக்கிறார்: புதிதாக வந்த ஒரு காதல் நகைச்சுவை நாவல், 380 பக்கம். அட்டையில் விழுந்து விழுந்து சிரிப்பீர்கள் என்று போட்டிருக்கிறது. படித்த நண்பர்கள் எல்லாரும் "இது ஸ்லோ பர்ன், காதல் மெதுவாகத்தான் கனியும், பொறுமையாகப் படி" என்கிறார்கள். ஆனால் கதை ரொம்ப மெதுவாகப் போகிறது, 170 பக்கம் வந்தும் மனம் ஒட்டவில்லை, மூடி வைத்துவிட்டேன். எனக்குத்தான் பொறுமை போய்விட்டதா, நாவலிலேயே கோளாறா?

கோளாறு நாவலில்தான். நானும் அதை வாங்கிக் கடைசிப் பக்கம் வரை படித்தேன். நீங்கள் விவரித்த விதத்திலேயே எது என்று தெரிந்துவிட்டது, பெயர் வேண்டாம். பியானோவுக்குச் சுருதி கூட்டும் பெண், மேல்மாடிக்குக் குடிவருகிற ஒலிப்புத்தகக் குரல் கலைஞன், இருவருக்கும் பொதுவாக ஒரு மாடிப்படி. கேட்கவே நன்றாக இருக்கிறது அல்லவா? அதனால்தான் ஏமாற்றம் இவ்வளவு பெரிதாக இருக்கிறது. மோசமான கருவோடு வந்த நாவலை நாம் 20 பக்கத்திலேயே கீழே வைத்துவிடுவோம், வருத்தமும் இருக்காது.

ஆனால் "மெதுவாகப் போகிறது" என்று நீங்கள் சொன்ன காரணத்தை மட்டும் நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். மெதுவாகப் போவது வேறு, நின்ற இடத்திலேயே நிற்பது வேறு. இந்த நாவல் நிற்கிறது.

காதல் நாவலைத் திறக்கும்போதே முடிவு நமக்குத் தெரியும். 1980-இல் தொடங்கிய அமெரிக்க ரொமான்ஸ் எழுத்தாளர் சங்கம் இந்த வகைக்குச் சொல்லும் இலக்கணம் இரண்டே அம்சங்கள்தான்: காதல் கதை மையத்தில் இருக்க வேண்டும், முடிவு மனதுக்கு நிறைவாகவும் நம்பிக்கை தருவதாகவும் இருக்க வேண்டும். ஆக, இவர்கள் சேருவார்களா என்ற கேள்வியே வாசகருக்குக் கிடையாது. அட்டையைப் பார்த்ததுமே அதற்குப் பதில் கிடைத்துவிட்டது. பிறகு எதற்காக உட்கார்ந்து படிக்கிறோம்? இப்போது இருக்கிற நிலையில் இந்த இருவரும் சேரவே முடியாதே, இவர்களுக்குள் என்ன மாறப் போகிறது என்று பார்க்கத்தான். இருவரும் சந்திக்கிற ஒவ்வொரு முறையும் ஏதோ ஒன்று நகர வேண்டும். ஒரு அபிப்பிராயம் ஆட்டம் காணலாம், ஒரு கோபம் கூடலாம், ஒருவருக்குத் தெரிந்த ஒன்று இன்னொருவருக்குத் தெரியாமல் போகலாம். சிறிதாக இருந்தாலும் சரி, சந்திப்புக்கு முன்னால் இருந்தது சந்திப்புக்குப் பின்னால் இருக்கக் கூடாது.

ஜேன் ஆஸ்டின் 1813-இல் வெளியிட்ட 'ப்ரைட் அண்ட் ப்ரெஜுடிஸ்' நாவலை இதற்கு எடுத்துக்கொள்ளலாம். மொத்தம் 61 அத்தியாயம். நாயகன் டார்சி முதல்முதலாகத் தன் காதலைச் சொல்வது 34-ஆம் அத்தியாயத்தில், அதாவது பாதி நாவல் தாண்டிய பிறகு. அதையும் நாயகி எலிசபெத் மறுத்துவிடுகிறாள். அவன் மறுபடி கேட்பது 58-இல். கணக்காகப் பார்த்தால் நீங்கள் மூடி வைத்த நாவலைவிட இது மெதுவானது. ஆனால் யாரும் அப்படி உணர்வதில்லை. 3-ஆம் அத்தியாய நடன விருந்தில் அவன் அவளோடு ஆட மறுப்பது அவள் காதிலேயே விழுகிறது. 6-ஆம் அத்தியாயத்தில் அவன் ஆடத் தயாராக இருக்கிறான், இப்போது அவள் மறுக்கிறாள். அவனோ அதற்குள் அவள் கண்களை ரசிக்க ஆரம்பித்துவிட்டான், அது அவளுக்குத் தெரியாது. 16-இல் விக்கம் என்பவன் வந்து டார்சியைப் பற்றி ஒரு கதை சொல்கிறான், அவள் முழுக்க நம்பிவிடுகிறாள். 18-இல் இருவரும் ஒன்றாக ஆடுகிறார்கள், ஆனால் அந்தக் கதை இப்போது இருவருக்கும் நடுவில் நிற்கிறது. இந்தக் காட்சிகளில் எந்த இரண்டை இடம் மாற்றி வைத்தாலும் நாவல் உடைந்துபோகும்.

நம் நாவலில் நான் அதைச் செய்து பார்த்தேன். 58-ஆம் பக்கத்தில் லிஃப்ட் நின்றுபோய் இருவரும் மாட்டிக்கொள்கிறார்கள். 103-இல் அவனுக்கு வந்த பார்சல் அவள் வீட்டுக்குப் போய்விடுகிறது. 150-இல் மொட்டைமாடியில் துணி காயப் போடும் இடத்துக்குச் சண்டை. மூன்றிலும் கெட்டிக்காரத்தனமாக நாலு வார்த்தை பேசிக்கொள்கிறார்கள், பிரிகிறார்கள், அவள் உள்ளே போய்த் தோழிக்கு போன் செய்து "அவனுக்கு ரொம்பத் தலைக்கனம்" என்கிறாள். லிஃப்ட் காட்சியை மொட்டைமாடிக்குப் பின்னால் வைத்துப் படித்தேன். ஒரு வரிகூட உறுத்தவில்லை. அப்படியென்றால் அந்த மூன்றும் சேர்ந்து ஒரே காட்சிதான். மூன்று முறை எழுதியிருக்கிறார், அவ்வளவுதான். உங்களுக்கு வந்த சலிப்பு அங்கிருந்து வந்தது. சொன்னதையே சொல்கிறார்கள் என்று மனம் கண்டுபிடித்துவிட்டது. காரணத்தை மட்டும் வேகத்தின் மேல் போட்டுவிட்டீர்கள்.

இன்னொரு காரணம், யார் கண்ணில் கதை சொல்லப்படுகிறது என்பது. இப்போது வருகிற காதல் நகைச்சுவைகளில் பாதிக்கு மேல் என் கையில் கிடைப்பவை ஒரு அத்தியாயம் அவள் பேசுவதாகவும் அடுத்தது அவன் பேசுவதாகவும் இருக்கின்றன. இந்த நாவலும் அப்படித்தான். 31-ஆம் பக்கத்திலேயே, அவள் படியேறும் சத்தம் கேட்டால் தனக்கு மூச்சு நின்றுவிடுகிறது என்று அவன் நம்மிடம் சொல்லிவிடுகிறான். அவளும் 66-இல் கிட்டத்தட்ட அதையே சொல்கிறாள். நமக்கு இருவர் மனமும் தெரிந்துபோயிற்று. மீதி 300 பக்கமும் நமக்குத் தெரிந்ததை அவர்கள் கண்டுபிடிக்கும்வரை நாம் காத்திருக்க வேண்டும். இரண்டு பேர் குரலிலும் சொல்வது தப்பென்று சொல்லவில்லை; அப்படிச் சொன்னால் அவர்கள் தங்களைப் பற்றியே நம்மிடம் தவறாகச் சொல்ல வேண்டும். "எனக்கு அவன்மேல் ஒன்றும் இல்லை" என்று அவள் சொல்லும்போதே அவன் எத்தனை மணிக்கு வீடு திரும்புகிறான் என்று சரியாகச் சொல்ல வேண்டும். அந்த இடைவெளியில்தான் வாசகர் சிரிப்பார். ஆஸ்டின் பெரும்பாலும் எலிசபெத்தை விட்டு நகர்வதே இல்லை. அதனால்தான் 34-ஆம் அத்தியாயத்தில் டார்சி வாயைத் திறக்கும்போது அவளுக்கு விழுகிற அடியில் பாதி நமக்கும் விழுகிறது.

சிரிப்பு என்றதும் இதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் இந்த நாவலின் பெரிய தோல்வி என் கணக்கில் இங்கேதான். தொல்காப்பியம் மெய்ப்பாட்டியலில் நகை எதனால் பிறக்கிறது என்று ஒரு சூத்திரம் இருக்கிறது:

எள்ளல் இளமை பேதைமை மடன்என்று
உள்ளப் பட்ட நகைநான் கென்ப.

எள்ளல் என்றால் கேலி. இளமை, பேதைமை எல்லாருக்கும் தெரிந்த சொற்கள். மடன் என்பதற்கு, கேட்டதை ஆராய்ந்து பார்க்காமல் அப்படியே மெய் என்று பிடித்துக்கொள்வது என்கிற பொருளில் உரை சொல்வார்கள். எனக்கு இந்தச் சூத்திரம் காதல் நகைச்சுவைக்கென்றே எழுதினதுபோலத் தோன்றும். எலிசபெத் விக்கம் சொன்னதை நம்பினாளே, அது மடன். ஷேக்ஸ்பியரின் 'மச் அடோ அபௌட் நத்திங்' 1600-இல் அச்சானது; அதில் எப்போதும் சண்டை போட்டுக்கொண்டிருக்கும் பியாட்ரிஸும் பெனடிக்கும், மற்றவர் தன்மேல் உயிராக இருப்பதாக நண்பர்கள் வேண்டுமென்றே பேசுவதை ஒளிந்திருந்து கேட்டு நம்பிவிடுகிறார்கள். அதுவும் மடன்தான். சிரிப்பு வருவதும் அதனால்தான், காதல் வருவதும் அதனால்தான். இரண்டுக்கும் ஒரே விசை.

நம் நாவலில் இருப்பதெல்லாம் எள்ளல் மட்டும். அவன் ஒன்று சொல்கிறான், அவள் எதிர்த்து ஒன்று சொல்கிறாள், இருவருமே புத்திசாலிகள், யாரும் எதையும் தப்பாகப் புரிந்துகொள்வதில்லை. சில பதில்கள் நன்றாகவே இருக்கின்றன. "உன் குரலுக்கு ஆயிரம் பேர் காசு கொடுக்கிறார்களாம், மௌனத்துக்கு நான் கொடுக்கிறேன்" என்ற இடத்தில் நான் சிரித்தேன். ஆனால் கேலி ஒரு நொடியில் தீர்ந்துவிடும். அடுத்த பக்கத்துக்கு அது எதையும் கொண்டுபோகாது. பேதைமையும் மடனும் அப்படியல்ல, விளைவை உண்டாக்கிவிட்டுத்தான் ஓயும். காதல் ஒரு பக்கம் நிற்க, அதன்மேல் ஜோக்குகளைத் தூவிவிட்டால் அது நகைச்சுவை நாவலாகிவிடாது.

திருக்குறளில் புலவி நுணுக்கம் என்ற 132-ஆவது அதிகாரத்தைப் படித்துப் பாருங்கள். "உன்னை நினைத்துக்கொண்டே இருந்தேன்" என்கிறான் அவன். "அப்படியென்றால் நடுவில் மறந்திருந்தீர்களா?" என்று ஊடுகிறாள். அடுத்த குறள் இது:

வழுத்தினாள் தும்மினேன் ஆக அழித்தழுதாள்
யாருள்ளித் தும்மினீர் என்று.

அவன் தும்முகிறான், அவள் வாழ்த்துகிறாள். வாழ்த்தின வாய் மூடும் முன்பே, "உங்களை யார் நினைத்ததால் இந்தத் தும்மல் வந்தது?" என்று அழுகிறாள். அதற்கடுத்த குறளில் அவன் பயந்துபோய்த் தும்மலை அடக்கிக்கொள்கிறான், "உங்களவர்கள் உங்களை நினைப்பதை என்னிடம் மறைக்கிறீர்களா?" என்று அதற்கும் அழுகிறாள். மூன்று குறள், ஒவ்வொன்றும் ஏழு சீர். ஒன்று அடுத்ததைப் பெறுகிறது, அவன் போட்ட முடிச்சிலேயே அவன் மாட்டுகிறான், அவள் கேட்பதிலும் அவளுக்கென்று ஒரு நியாயம் இருக்கிறது. இதைத்தான் காட்சி நகர்வது என்கிறேன்.

ஊடலை எவ்வளவு நீட்டலாம் என்பதற்கும் வள்ளுவரிடமே அளவு இருக்கிறது. 1302-ஆவது குறள்:

உப்பமைந் தற்றால் புலவி அதுசிறிது
மிக்கற்றால் நீள விடல்.

புலவி உப்புப்போல அளவாக இருக்க வேண்டும். நீள விட்டால் உப்புச் சற்று மிகுந்ததுபோல ஆகிவிடும். நிறைய மிகுந்தால் என்று அவர் சொல்லவில்லை, சிறிது மிகுந்தால் என்றே சொல்கிறார். 300 பக்கத்துக்கு ஊடலை இழுக்க நினைக்கிற எழுத்தாளர் அந்தச் 'சிறிது' என்ற சொல்லை மேசையில் எழுதி ஒட்டிவைத்துக்கொள்ள வேண்டும்.

இனி எனக்கு உண்மையில் மனம் ஆறாத இடம். 40-ஆம் பக்கம் நினைவிருக்கிறதா? நாயகிக்கு இடது காது சரியாகக் கேட்பதில்லை. சுருதி கூட்டுகிற தொழிலில் இருப்பவள், வெளியே தெரிந்தால் வேலை போய்விடும் என்று யாரிடமும் சொல்லாமல் வைத்திருக்கிறாள். அவனோ குரலை விற்றுப் பிழைக்கிறவன். வேலை முடிந்து வந்தால் தொண்டைக்கு ஓய்வு வேண்டும் என்று முணுமுணுப்பாகத்தான் பேசுவான். இதற்கு மேல் ஒரு நாவலாசிரியருக்கு என்ன வேண்டும்? அவன் சொல்வது அவளுக்குப் பாதிதான் கேட்கும், மீதியை அவளே ஊகித்துக்கொள்வாள், ஊகித்ததை மெய்யென்று பிடித்துக்கொள்வாள். கேட்கவில்லை என்று ஒத்துக்கொள்ளவும் முடியாது. அவன் மன்னிப்புக் கேட்டது அவளுக்குக் குத்தலாகக் கேட்டிருக்கலாம். சிரிப்பும் அதிலேயே இருக்கிறது, வலியும் அதிலேயே இருக்கிறது. ஒருவரை ஒருவர் நெருங்கவிடாத காரணமும் அவளுடைய பயத்திலிருந்தே முளைத்திருக்கும். ஆசிரியர் இதை 40-இல் சொல்லிவிட்டு, ஒரே ஒரு பக்கம் தவிர, மறந்தே போகிறார்.

அதற்குப் பதில் 290-இல் முத்தம், 318-இல் பிரிவு. எதனால் பிரிகிறார்கள் தெரியுமா? அவன் போனில் வந்த ஒரு செய்தியின் முதல் வரியை மட்டும் அவள் பார்த்துவிடுகிறாள். அனுப்பியது அவன் அக்கா. திரையை இன்னும் ஒரு விரல் தள்ளியிருந்தால் தீர்ந்திருக்கும். 40 பக்கம் அழுகை, பிறகு 9 பக்கத்தில் சமாதானம். இந்த மூன்றாம் பகுதிப் பிரிவு இப்போதைய காதல் நாவல்களில் ஒரு சடங்காகவே ஆகிவிட்டது. அது ஏன் என்றும் புரிகிறது. ஆஸ்டின் காலத்தில் தடைகள் வெளியிலேயே தயாராக இருந்தன: சொத்து, அந்தஸ்து, குடும்பம், தனியாக நின்று நாலு வார்த்தை பேசக்கூட விடாத ஒழுங்குமுறை. இந்தக் கதையில் இருவரும் தனியாக வாழ்கிற, சம்பாதிக்கிற, கையில் போன் வைத்திருக்கிற பெரியவர்கள். ஒரு கேள்வி கேட்டால் எல்லாம் தெளிந்துவிடும். ஆகவே தடையை ஆளுக்குள்ளேயே தேட வேண்டியிருக்கிறது, அது கடினமான வேலை. ஆனால் முடியாத வேலை இல்லை. 1995-இல் பத்திரிகைப் பத்தியாகத் தொடங்கி 1996-இல் நாவலான 'பிரிட்ஜெட் ஜோன்ஸ் டைரி', டார்சி கதையின் எலும்புக்கூட்டை அப்படியே எடுத்துக்கொண்டு இன்றைய பெண்ணிடம் கொண்டுவந்தது. நாட்குறிப்பின் தலையில் எடை, குடித்த அளவு, சிகரெட் எண்ணிக்கை. கீழே அவள் தன்னைப் பற்றி எடுக்கிற உறுதிமொழிகள். அந்த எண்களும் உறுதிமொழிகளும் ஒத்துப்போகாத இடத்தில் அவள் யார் என்று தெரிகிறது.

மெதுவாகப் போவதைப் பற்றி எனக்கு இருக்கிற நம்பிக்கைக்கு ஒரு சாட்சி சொல்கிறேன். ஆஸ்டின் எழுதி முடித்த கடைசி நாவல் 'பெர்சுவேஷன்', அவர் இறந்த பிறகு 1817 டிசம்பரில் வந்தது. ஒருகாலத்தில் நிச்சயமாகி, பிறர் பேச்சைக் கேட்டு முறித்துக்கொண்ட ஆன், வென்ட்வொர்த் என்ற இருவர் எட்டு வருடம் கழித்துச் சந்திக்கிறார்கள். 1816-இல் அவர் முதலில் எழுதிய முடிவில், ஒரு வீட்டில் இருவரும் தனியாக விடப்படுகிறார்கள், ஒரு தவறான வதந்தியைப் பற்றிக் கேள்வி வருகிறது, பதில் வருகிறது, எல்லாம் தெளிந்துவிடுகிறது. அது அவருக்குத் திருப்தியாக இல்லை. அந்த ஒரு அத்தியாயத்தை எடுத்துவிட்டு அதன் இடத்தில் இரண்டு அத்தியாயம் எழுதினார். நீக்கிய பக்கங்களின் கையெழுத்துப் பிரதி இன்றும் இருக்கிறது. புது வடிவத்தில் விடுதி அறையில் பலர் இருக்கிறார்கள். வென்ட்வொர்த் ஓரமாக மேசையில் ஏதோ கடிதம் எழுதிக்கொண்டிருக்கிறான். ஆன் வேறொருவரிடம், ஆணா பெண்ணா யார் அதிக காலம் மறக்காமல் காதலிப்பது என்று பேசிக்கொண்டிருக்கிறாள். ஒரு சின்னச் சத்தம். அவன் பேனா கீழே விழுந்திருக்கிறது. அவன் நினைத்ததைவிட அருகில் இருக்கிறான் என்று அப்போதுதான் அவளுக்குத் தெரிகிறது. தன் பேச்சு அவன் காதில் விழுந்ததா என்று தெரியவில்லை. விழுந்திருக்கிறது. அவள் பேசப் பேச அவன் அவளுக்கே ஒரு கடிதம் எழுதிக்கொண்டிருக்கிறான்.

முடிவைத் தள்ளிப்போட்டார், நீளமாக்கினார், இருவரையும் நேரில் பேசவிடாமல் செய்தார். படிக்கிறவர்களுக்கோ மூச்சு வாங்குகிறது. மெதுவான நாவலுக்கு இதைவிட நல்ல வக்காலத்து எனக்குத் தெரியாது.

உங்கள் நண்பர்கள் பொய் சொன்னார்கள் என்று நான் நினைக்கவில்லை. நாள் முழுக்க அலைந்துவிட்டு வந்து, யாருக்கும் எதுவும் கெட்டது நடக்காத ஒரு வீட்டுக்குள் போய் உட்கார விரும்புகிறவர்கள் உண்டு. பியானோக் கம்பிகளைப் பற்றி இந்த ஆசிரியர் எழுதுகிற பக்கங்கள் உண்மையிலேயே இதமானவை, தொழிலை அறிந்து எழுதியிருக்கிறார். அந்த இதத்துக்காகப் படித்தவர்களுக்கு நாவல் ஏமாற்றம் தந்திருக்காது. சிரிப்பும் காதலும் தேடிப் போனவர் நீங்கள்.

மீதி 210 பக்கத்தையும் படித்து முடிக்கச் சொல்ல மாட்டேன். ஆனால் கொடுப்பதற்கோ விற்பதற்கோ முன்னால் 214-ஆம் பக்கத்தை மட்டும் திறந்து படியுங்கள். இருவரும் ரயிலுக்காக நடைமேடையில் நடந்து போகிறார்கள். கூட்டம். அவன் அவளுக்கு இடப்பக்கம் வந்துகொண்டிருந்தவன், ஒன்றும் சொல்லாமல் பின்னால் ஒரு சுற்றுச் சுற்றி வலப்பக்கம் வந்து சேர்ந்துகொள்கிறான். பேச்சை விட்ட இடத்திலிருந்து தொடர்கிறான். அவள் இரண்டடி நடந்த பிறகு நின்றுவிடுகிறாள். எவ்வளவு நாளாக இவனுக்குத் தெரியும் என்று நினைக்கிறாள். அவன் இன்னும் ரயில் நேரத்தைப் பற்றிப் பேசிக்கொண்டே போகிறான். ஆசிரியர் அங்கே ஒரு விளக்கமும் எழுதவில்லை, அடுத்த அத்தியாயத்தில் அவன் வாயாலும் சொல்லவைக்கவில்லை. 380 பக்கத்தில் அந்த ஒரு பக்கத்தை மட்டும் நான் இரண்டு முறை படித்தேன்.